வெள்ளிக்கிழமை சாம்பாரும் என் புதன்கிழமையும்

ஊருக்குச் சமைக்கிறவர்களுக்குத் தோள்வலியைவிடப் பெரிய வியாதி ஒன்று உண்டு: அடுத்தவர் அண்டாவை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாண வீட்டிலோ, திருவிழாவிலோ, குறைந்தபட்சம் நாத்தனார் குடும்பம் வந்திருக்கும்போதோ பெரிய கரண்டி பிடித்தவர்கள் உங்களில் இருந்தால் என் கஷ்டம் புரியும். பக்கத்து அண்டா சீக்கிரம் காலியானால் வயிறு எரியும். நம்முடையது காலியானாலும், கூட்டத்துக்குப் போதாமல் அடுத்த அண்டாவுக்குப் போய்விடுவார்களோ என்று அப்போதும் எரியும்.

நான் ஜெயசீலி. தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் மெஸ் பார்த்து ஓய்வு பெற்றவள். இப்போது பம்மலில் எங்கள் கோயில் ஹாலில், இல்லாதவர்களுக்குப் புதன்கிழமைதோறும் மதியச் சாப்பாடு சமைக்கிறேன். தர்ம காரியம் செய்கிறவள் இப்படிப் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். படக்கூடாதுதான். ஆனால் நீங்கள் பிலோமினாவைப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்து

எங்கள் பகுதியில் கூப்பிடு தூரத்தில் மூன்று கிறிஸ்தவக் கோயில்கள். மணிக்கூண்டு வைத்தது எங்களுடையது. அடுத்தது மாதா கோயில். மூன்றாவது, தகரக் கூரை போட்ட ஜெப வீடு. தோல் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடி, வேலை இல்லாதவர்கள் பெருகியபோது மூன்று கோயிலும் மனமிரங்கின. ஆனால் தனித்தனியாக இரங்கின. அதனால் மூன்றிலுமே ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சாப்பாடு. அடுத்த கோயிலில் இன்றைக்கு என்ன பொரியல் என்று பார்த்துவர ஆள் அனுப்புவோமே தவிர, ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில்லை.

மூன்று இடத்திலும் சாப்பிட்டவர் தனக்கோட்டி. பட்டறையில் தோல் ஊறவைத்துக் கை வெளுத்துப்போன பெரியவர். ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். எங்கள் மூன்று கோயிலுக்கும் அவர் சொந்தமில்லை. அவருக்குத் திருநீர்மலைப் பெருமாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலும் ஜெப வீட்டிலும் முடித்துவிட்டு எங்கள் பந்தியில் வந்து உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "போதவில்லையா?" என்று எங்கள் போதகர் ஐயர் அக்கறையோடு குனிந்து கேட்டார். அதற்குத் தனக்கோட்டி சொன்னது:

"போதாம இல்ல சார். ஞாயித்துக்கெயம மூணு சோறு, திங்கக்கெயம பச்சத்தண்ணி. உங்க சாமிக்கு ஞாயித்துக்கெயம மட்டும்தான் எங்க நெனப்பு வருமா?"

அதில் என்ன இருக்கிறது?

அந்தக் கேள்வி ஐயரைத் தூங்க விடவில்லை. எங்கள் ஐயர், மாதா கோயில் ஃபாதர், ஜெப வீட்டு பாஸ்டர் மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். திங்கள் ஜெப வீடு, புதன் நாங்கள், வெள்ளி மாதா கோயில் என்று பிரித்துக்கொண்டார்கள். மூன்று சபையும் சேர்ந்து ஒரு கமிட்டி. ஒற்றுமை வந்துவிட்டது. அதோடு என் நிம்மதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டபோது யாருக்கு எவ்வளவு கூட்டம் என்று தெரியாது. இப்போது ஊருக்கே தெரிந்தது. மாதா கோயிலில் சமைக்கிற பிலோமினாவின் வெள்ளிக்கிழமை வரிசை, கோயில் கேட்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் நீண்டது. என் புதன்கிழமைப் பந்தியில் பாதி பெஞ்சு காலி.

எனக்குத் தாங்கவில்லை. நான் உட்கார வைத்து இலை போடுகிறேன். ஒவ்வொருவரிடமும் எந்தத் தெரு, யார் வீடு, பிள்ளைகள் எத்தனை என்று அன்பாக விசாரித்துத்தான் கரண்டியை எடுக்கிறேன். விடுதியில் வந்த பழக்கம். பிலோமினா அப்படியில்லை. இலை கிடையாது. தூக்குச் சட்டி கொண்டுவந்தால் அதில் சோறு போட்டுச் சாம்பாரை ஊற்றுவாள். ஊற்றும்போது ஆளின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள், பாத்திரத்தைத்தான் பார்ப்பாள். 'வா' என்று ஒரு வார்த்தை கிடையாது. அவளுக்குப் போய் இவ்வளவு கூட்டம்!

கமிட்டியில் பேச்சு எழுந்தது. விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் கோயிலில் கொண்டாடுகிற அறுப்பின் பண்டிகைக்குள் புதன்கிழமைக்கு ஆள் சேராவிட்டால், அந்த நாளையும் மாதா கோயிலுக்கே கொடுத்துவிடலாம் என்றார்கள். என் புதன்கிழமை, பிலோமினாவிடம்! தனக்கோட்டியைப் பிடித்து, அவள் சாம்பாரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"அதுல இன்னா கீதுன்னு தெரிஞ்சா நான் எதுக்கும்மா லைன்ல நிக்கிறேன், வூட்லயே வச்சிக்குவேனே."

கைப்பிடி அரிசி

எங்கள் கோயிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீட்டில் சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனியே ஒரு டப்பாவில் போட வேண்டும். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை பையில் கட்டிக் கொண்டுவந்து காணிக்கையாக வைக்க வேண்டும். கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளை தேவராஜ் எல்லாப் பைகளையும் பிரித்து ஒரே டிரம்மில் கொட்டுவார். மாதா கோயிலில் இப்படி ஒரு வழக்கம் இல்லை என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

கூட்டத்தை இழுக்க அதையே பிடித்துக்கொண்டேன். மாதா கோயிலிலிருந்து ஒரு மூட்டை நல்ல பொன்னி அரிசி அனுப்பட்டுமா என்று பிலோமினா சொல்லியனுப்பியதும், வேண்டாம், எங்கள் பெண்கள் ஜெபித்துப் போட்ட கைப்பிடி அரிசியிலேயே பொங்கிக்கொள்வோம் என்று பதில் அனுப்பினேன். அந்த டிரம்மில் பொன்னி இருந்தது, ரேஷன் அரிசி இருந்தது, இட்லி அரிசி, பச்சரிசி, மகன் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர்கள் போட்ட பாசுமதி எல்லாம் இருந்தது. பச்சரிசி குழைந்தபோது ரேஷன் அரிசி விழித்துக்கொண்டிருந்தது. அது வெந்தபோது பச்சரிசி கூழாகிவிட்டது. இட்லி அரிசி கடைசிவரை மசியவில்லை. முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டு பரிமாறினேன். தனக்கோட்டி ஒரு வாய் வைத்தார், மென்றார், யோசித்தார்.

"ஒரே வாயில பொங்கல் கீது, புலாவ் கீது, அரிசிகூட கீது. சோத்ததான் காணோம்."

முட்டை

அடுத்த திங்களன்று ஜெப வீட்டு பாஸ்டரம்மா சாப்பாட்டோடு ஆளுக்கொரு அவித்த முட்டை வைத்தார். கேள்விப்பட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிலோமினா ஒருத்தி போதாதா, இவர் வேறா? புதன்கிழமை நான் விடியும் முன்னே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய், உருளைக்கிழங்கு மூட்டையை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து வறுவல் போட்டேன். கூடவே கேசரி. வெள்ளிக்கிழமை பிலோமினா அப்பளமும் சேமியா பாயசமும் சேர்த்தாள். திங்களன்று முட்டை, முட்டைக் குழம்பாக வளர்ந்தது.

செலவு கையை மீறுகிறது என்று ஐயர் என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் உருளைக்கிழங்கை நிறுத்தினேன், கேசரியை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை. மற்ற இரண்டு இடத்திலும் இதே கண்டிப்பு நடந்திருக்க வேண்டும், அங்கேயும் ஒவ்வொன்றாகக் குறைந்தது. தனக்கோட்டிக்கு மட்டும் இதில் உண்மையான வருத்தம். கேசரியை வழித்துக்கொண்டே சொன்னார்:

"சமாதானமாப் பூட்டீங்களா? அய்ய, நீங்க மூணு பேரும் சண்ட போட்டுகினு இருந்தவரைக்கும் நாங்க நல்லா இருந்தோம்."

மலைப் புளியோதரை

பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சு இன்னும் நிறையவில்லை. கடைசி அஸ்திரமாகப் புளியோதரையில் இறங்கினேன். இந்தமுறை கைப்பிடி டிரம்மைத் தொடவில்லை. நல்லெண்ணெய், வேர்க்கடலை, வெந்தயம், வறுத்து இடித்த பொடி என்று ஒன்றையும் குறைக்கவில்லை. விடுதியில் என் புளியோதரைக்காகவே ஊருக்குப் போகாமல் தங்கிய பெண்கள் உண்டு. ஹால் முழுக்க மணத்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

தனக்கோட்டி இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். இன்றைக்காவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் கையைக் கழுவிவிட்டு, துண்டில் துடைத்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொல்கிறமாதிரி ஆரம்பித்தார். அதுவரை மாதா கோயில், ஜெப வீடு என்ற அளவில் இருந்த என் பொறாமை, அன்றைக்கு மலையேறித் திருநீர்மலை வரைக்கும் போய்விட்டது.

"பெருமாள் கோயில் புளியோதர மாரி வராதும்மா. அதுக்கு நீ இன்னா பண்ணுவ? அவருக்கு எத்தினி வருஷ சர்வீசு, நீ இப்பத்தான ஆரம்பிச்சிகீற."

இராகேலின் பை

கோயிலில் எனக்குப் பக்கத்து இடம் இராகேலுக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். தோல் பை தைக்கிற பட்டறையில் பீஸ் கணக்கில் வேலை. கணவர் பெயிண்டர், சாரத்திலிருந்து விழுந்து வீட்டில் இருக்கிறார். ஒரே மகள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் மூக்குக்கண்ணாடியை எப்போதும் மறந்துவிடுவேன் என்பதால் இராகேல் பாட்டுப் புத்தகத்தை என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியை மெதுவாக முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பாள். அவள் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் பாடுகிறேன்.

அவளுடைய கைப்பிடி அரிசிப் பை பச்சை நிறம். முன்பெல்லாம் குண்டாக வரும். சில மாதங்களாக இளைத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் இருந்தது ஒரு உழக்குக்கூடத் தேறாது. எனக்கு உடனே பிலோமினா ஞாபகம்தான் வந்தது. சாம்பார் ருசிக்கு மயங்கி, அரிசியில் பாதியை அங்கே கொடுக்க ஆரம்பித்துவிட்டாளோ? தேவராஜிடம் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் டிரம்மை மூடிவிட்டு, யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்க்கா. வெள்ளிக்கிழமையானா அந்தப் பொண்ணு கையில ஏதோ மறைச்சு எடுத்துக்கினு மாதா கோயில் சந்துலதான் போவுது."

மாஸ்க்

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். இரண்டு காரியம் ஒரே நடையில் முடியும். இராகேலைப் பிடிக்கலாம், வரிசையில் நின்று அந்தச் சாம்பாரையும் ருசி பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மாஸ்க் போட்டு, முக்காடு போட்டு, வீட்டில் இருந்த தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். வரிசை நீளமாக இருந்தது. வயிறு எரிந்தது. பாதி தூரம் நகர்ந்த பிறகுதான் எனக்கு நேர் முன்னால் நிற்கிறவளின் பின்னல் தெரிந்த பின்னல் என்று பட்டது. இராகேல். அவள் கையில் அரிசிப் பை இல்லை. காலித் தூக்கு இருந்தது.

என் மூளைக்கு அப்போதுதான் எட்டியது. அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி என்பதுதானே வழக்கம். அளந்தால்தானே எடுக்க முடியும்? பை இளைக்கவில்லை. அந்த வீட்டில் உலை வைப்பதுதான் குறைந்துபோயிருந்தது. வைத்த நாட்களில் மட்டும் கைப்பிடியை மறக்காமல் எடுத்துப் போட்டிருக்கிறாள். வாராவாரம் தோளோடு தோள் உட்கார்ந்து பாடிய எனக்கு அது தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதோடு, என்னிடம் வராமல் பிலோமினாவிடம் வந்தாளே என்ற ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

அவள் திரும்பினாள். மாஸ்க்குக்கு மேலே என் கண்ணைப் பார்த்ததும் கண்டுகொண்டாள். முதலில் முகம் வெளுத்தது. பிறகு பார்வை என் கையில் இருந்த தூக்குக்கு இறங்கியது. "அக்கா, உங்க வீட்லயுமா?" என்றாள். வேவு பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? தூக்கை முந்தானைக்குள் மறைத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்தினாள்.

"புதன்கிழமை மத்தவங்க முன்னாடி உங்களாலயும் எடுத்துச் சாப்பிட முடியாது, தெரியும்க்கா. என்னாலயும் அங்க வந்து உக்கார முடியல. உங்க கையால சோறு வாங்கிட்டு ஞாயித்துக்கிழமை உங்க பக்கத்துல எப்படிப் பாடுறது? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க."

பாத்திரத்தைப் பார்

என் முறை வந்தபோது பிலோமினா வழக்கம்போலத் தலை நிமிரவில்லை. தூக்கைப் பார்த்தாள், நிரப்பினாள், அடுத்த தூக்கைப் பார்த்தாள். அவளிடம் மரியாதை இல்லை என்று இத்தனை நாள் நான் எண்ணியது அங்கே நின்று வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அந்த வரிசையில் யாரும் யாருக்கும் எந்தத் தெரு, யார் வீடு என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டு போய் வீட்டில் மூடிவைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு அது அந்த வீட்டிலேயே வைத்த சாம்பார்தான். இந்த யோசனை எனக்கு ஏன் முதலில் வரவில்லை என்று வீடு வரைக்கும் புழுங்கிக்கொண்டே போனேன்.

அடுத்த புதன்கிழமை ஹால் வாசலில், உட்கார்ந்து சாப்பிட விரும்பாதவர்கள் பாத்திரம் கொண்டுவரலாம் என்று தேவராஜை நிறுத்திச் சொல்ல வைத்தேன். விசாரிப்பதை நிறுத்தினேன். நாக்கு நமநமவென்றது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரத்தை மட்டும் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் முக்காடும் துப்பட்டாவுமாகப் புதுப் புதுத் தூக்குகள் வந்தன. இராகேல் வரவில்லை, வர மாட்டாள் என்று தெரியும். தனக்கோட்டி மட்டும் இலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, மூஞ்சியப் பாக்க மாட்டேன்ற? புளியோதர மேட்டர்ல இன்னும் கோவமா கீறியா?"

பெயர் வெட்டிய தூக்கு

பண்டிகைக்கு முந்திய கமிட்டி. ஐயர், ஃபாதர், பாஸ்டர் மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமையை மாதா கோயிலுக்கு மாற்றுவது பற்றி ஃபாதர் ஆரம்பித்தார். இப்போது கூட்டம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமை அளவுக்கு இல்லை. நான் முந்தின நாளே கண்ணாடி முன்னால் நின்று ஒரு பேச்சு தயார் செய்திருந்தேன். தொண்டையைச் செருமினேன். அதற்குள் பிலோமினா, "இன்னொரு நாள் என் முதுகு தாங்காது ஃபாதர், புதன்கிழமை அவங்களே பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். முடிந்தது. என் புதன்கிழமை பிழைத்தது. அதைப் பிழைக்க வைத்த பெருமையையும் அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கேட்டுக்கு வெளியே பிடித்து நிறுத்தி, ஏன் விட்டுக்கொடுத்தாய் என்று கேட்டேன். முதல்தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்க கோயில் ஜனத்துல நாலஞ்சு வூடு உன் வரிசையிலதான் சாப்பிடுது. என் கையால வாங்க அதுங்களுக்குக் கூச்சம், உனக்குத்தான் அதுங்க யாருன்னு தெரியாதே. அந்த ஒரு நாளையும் நான் புடுங்கிக்கினா அதுங்க எங்க போவும்? அப்புறம் இன்னொண்ணு, மாஸ்க் போட்டுக்கினு வரும்போது ஜெயசீலின்னு பேர் வெட்டாத தூக்கா பாத்து எடுத்துக்கினு வா."

எனக்கொரு இடம்

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் மாஸ்க் போட்டுப் போன அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து இராகேல் எனக்கு வரிசையில் இடம் பிடித்து வைக்கிறாள். நான் வரத் தாமதமானால், பின்னால் இருப்பவர்களிடம் அக்கா வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்லி நிறுத்திவைக்கிறாள். எங்கள் வீட்டில் அரிசி இருக்கிறது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுவாரமே அவள் அந்த வரிசைக்கு வர மாட்டாள், ஞாயிற்றுக்கிழமை வேறு பெஞ்சுக்குப் போய்விடுவாள், மகளின் தட்டு காலியாக இருக்கும். அதனால் போகிறேன். பெயர் வெட்டாத தூக்கு ஒன்றும் வாங்கிவிட்டேன். பிலோமினா அதையும் கண்டுகொண்டு, எனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறாள், வேண்டுமென்றே.

பச்சைப் பை சில வாரம் கொஞ்சம் கனக்கிறது, சில வாரம் மறுபடி இளைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்ததும் என் கண் முதலில் அதன்மேல்தான் போகிறது. பட்டறைக்கு ஆர்டர் வந்திருக்கிறதா இல்லையா என்று அது சொல்லிவிடும். போன வெள்ளிக்கிழமை வரிசையில் என்னைப் பார்த்ததும் இராகேலுக்கு ஒரே சந்தோஷம். காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்:

"இன்னைக்கு முருங்கைக்காய் சாம்பார்க்கா. வெக்கப்படாம அடியில கலக்கிப் போடச் சொல்லி வாங்குங்க, நீங்க வர வர ரொம்ப இளைச்சுட்டீங்க."

ஆக, மூன்று சபைகளின் ஒற்றுமைக்கு என் பங்காக நான் வெள்ளிக்கிழமைதோறும் பிலோமினாவின் சாம்பாரை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறேன். அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்பதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.